பெயர் எழுதும் ஊர்: நாமக்கல் தெருவோரக் கலையின் வரலாறு

பொதுவழியில் நடந்து செல்லும் எவரும் காணக்கூடிய அலங்கார வேலை அனைத்தையும் தெருவோரக் கலை என்று கொள்வதானால், சுவரில் வரைந்த ஓவியத்தோடு பாறையில் செதுக்கிய உருவமும், படிக்கட்டின் ஓரத்து மண்டபத் தூணும், லாரியின் நெற்றியில் தீட்டிய வண்ணப் பூவும் அதனுள் அடங்கும். இந்தப் பொருளில் பார்க்கும்போது, சேலத்துக்குத் தெற்கே காவிரி வரை விரியும் நாமக்கல் சமவெளி தமிழ்நாட்டின் மிக நீண்ட தெருவோரக் கலை மரபுகளுள் ஒன்றைக் கொண்டது. அம்மரபுக்கு ஒரு தனி இயல்பும் உண்டு. இங்கே அலங்காரம் எங்கெல்லாம் நிற்கிறதோ அங்கெல்லாம் யாருடைய பெயரேனும் அதனோடு சேர்ந்தே நிற்கிறது. அப்பெயர்களை வரிசையாகப் படித்துக்கொண்டே நடப்பவருக்கு, எட்டாம் நூற்றாண்டின் குறுநில மன்னன் முதல் இன்றைய லாரிப் பட்டறை வரை இவ்வட்டாரத்தில் செல்வமும் செல்வாக்கும் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறின என்பது தெளிவாகிறது.

இந்த நடைக்குத் தொடக்கம் ஊரின் நடுவில் ஒற்றைக் கல்லாக எழுந்து நிற்கும் நாமகிரிப் பாறை. தரையிலிருந்து இருநூறு அடிக்குச் சற்று மேற்பட்ட உயரம் கொண்ட இப்பாறையின் அடிவாரத்தைச் சுற்றியே கோட்டைத் தெருக்களும் கமலாலயக் குளமும் பிற நீர்நிலைகளும் அமைந்திருப்பதால், ஊரில் எந்தத் திசையில் நடந்தாலும் பாறை கண்ணை விட்டு அகல்வதில்லை. கண்டகி ஆற்றிலிருந்து அனுமன் எடுத்துவந்த சாளக்கிராமம் இங்கே கீழே வைக்கப்பட்டபோது பெருகி மலையாகிவிட்டது என்று தலபுராணம் சொல்கிறது. சாளக்கிராமம் என்பது திருமாலின் வடிவாக வழிபடப்படும் உருண்டைக் கல். அந்தக் கதையின் நேரடி விளைவாகவே, பாறையின் மேற்குப் பக்கத்தில் நரசிம்மரை நோக்கிக் கைகூப்பி நிற்கும் பதினெட்டு அடி உயர ஆஞ்சநேயர் சிலையைக் கொள்ள வேண்டும். அதற்கு மேற்கூரை கிடையாது. வெயிலும் மழையும் நேராகவே சிலைமேல் விழுகின்றன. கல்லான இந்த உருவத்துக்கு நாள்தோறும் புதிய அலங்காரம் நடைபெறுகிறது. வடைமாலை சார்த்துவது, வெண்ணெயாலோ சந்தனத்தாலோ உருவம் முழுவதையும் மூடிப் பூசுவது ஆகியவை இங்குப் பெயர்பெற்றவை. இப்படிப் பூசி மூடுவதற்குக் காப்பு என்று பெயர். சில மணி நேரமே நிற்கும் இந்தக் கலையையும் வரலாற்றுக்குள் சேர்த்தே எண்ண வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு காப்புக்கும் கட்டளைதாரர் ஒருவர் இருக்கிறார், அவர் பெயரும் நட்சத்திரமும் சங்கல்பத்தில் சொல்லப்படுகின்றன.

ஆஞ்சநேயரின் பார்வை செல்லும் திசையில் பாறையின் அடியைக் குடைந்து அமைத்தது நரசிம்மர் குடைவரை. கல்லை அடுக்கிக் கட்டாமல் மலையின் உள்ளேயே குடைந்து உருவாக்கும் கோயிலுக்குக் குடைவரை என்றும், சுவரின் தளத்திலிருந்து உருவம் மட்டும் முன்தள்ளி நிற்கும்படி செதுக்குவதற்குப் புடைப்புச் சிற்பம் என்றும் பெயர். இக்குடைவரையின் சுவர்களில் அமர்ந்த நரசிம்மர், இரணியனின் வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மர், பூமியைத் தாங்கும் வராகர், உலகளந்த திரிவிக்கிரமர், அனந்தன்மேல் அமர்ந்த வைகுண்டநாதர் ஆகிய பெரும் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. இரணியன் மடியின் குறுக்கே மல்லாந்து கிடக்க, நகங்கள் வயிற்றுக்குள் இறங்குவதைக் காட்டும் சிற்பத்தின் அருகே நின்று பார்ப்பவருக்கு, செதுக்கியவர் கோபத்தைக் காட்ட முகத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை, வளைந்து விழுந்த உடலின் கனத்தையும் அதற்குப் பயன்படுத்தியிருக்கிறார் என்பது விளங்கும். உலகளந்தவர் சிற்பத்திலோ, குடை பிடித்த சிறிய வாமனனும் வானை நோக்கிக் காலை உயர்த்திய பெரிய திரிவிக்கிரமனும் ஒரே சட்டத்துக்குள் வருகின்றனர். கதையின் தொடக்கமும் முடிவும் ஒரு பார்வையில் அடங்குகின்றன. எழுத்தறியாதவரும் வழிபட வந்த இடத்தில் இத்தகைய சிற்பம் ஒரு கதைப் புத்தகத்தின் வேலையைச் செய்தது.

பாறையை வலமாகச் சுற்றிக் கிழக்குப் பக்கத்துக்கு வந்து படியேறினால் அரங்கநாதர் குடைவரை. கார்க்கோடகன் என்னும் பாம்பின்மேல் பள்ளிகொண்ட அரங்கநாதரும், பாதி சிவன் பாதி திருமாலாக நிற்கும் சங்கரநாராயணரும் இங்கே குறிப்பிடத்தக்கவை. பாம்பின் முகங்கள் சிங்க முகத்தை ஒத்திருப்பது இச்சிற்பத்துக்கே உரிய அமைதி. ஆயினும் வரலாற்று மாணவருக்கு இங்குள்ள அரிய பொருள் கல்வெட்டுதான். வடமொழியைத் தென்னாட்டில் எழுதுவதற்குப் பயன்பட்ட கிரந்த எழுத்தில், பல்லவர் காலத்து வடிவில் பொறித்த இக்கல்வெட்டு, இக்கோயிலை அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று குறிக்கிறது. அதாவது அதியர் தலைவன் எடுத்த திருமால் இல்லம். எடுத்தவன் அதிய குலத்துக் குணசீலன். அத்தோடு நில்லாமல், பள்ளிகொண்ட பெருமாளைச் சூழ்ந்து நிற்கும் முனிவர்கள், தேவர்கள், இசைவாணர்கள் ஆகியோரையும் அக்கல்வெட்டு பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது: மார்க்கண்டேயர், பிருகு, தும்புரு, நாரதர் என்று அப்பட்டியல் செல்கிறது. தமிழகத்தின் பழைய குடைவரைகளில் எடுத்தவன் பெயரைச் சொல்லும் கல்வெட்டுகள் பல உண்டு. சிற்பத்துக்குள் இன்னார் இன்னார் இருக்கின்றனர் என்று எழுதிவைத்தது மிக அரிது. பிற்காலத்து ஆய்வாளர் ஊகிக்க வேண்டியதை அக்காலத்தவரே எழுதிவைத்த இந்தச் செயலுக்குத் தமிழ்ச் சிற்ப வரலாறு பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

அதியன் என்ற பெயர் தமிழ் படித்தவருக்குப் புதிதன்று. இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்டு, ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சி இக்குலத்தவன். அசோகனின் கல்வெட்டுகள் சத்தியபுத்திரர் என்று சுட்டும் தென்னாட்டு அரசரும் இக்குலத்தவரே என்பதற்கு, 1981இல் திருக்கோவலூர் அருகே ஜம்பையில் கிடைத்த தமிழ்-பிராமிக் கல்வெட்டு சான்று தந்தது. குணசீலனின் குடைவரைகள் கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது எழுத்தின் வடிவையும் சிற்பத்தின் அமைதியையும் கொண்டு ஆய்வாளர் கூறுவது. அந்நூற்றாண்டில் இவ்வட்டாரம் வடக்கே பல்லவரும் தெற்கே பாண்டியரும் மேற்கே சேரரும் மோதிக்கொள்ளும் வழியாக இருந்தது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காவிரியின் வடகரையில் ஆயிரவேலி, அயிரூர், புகழியூர் ஆகிய இடங்களில் அதியனை வென்றதாகவும், அவனுக்குத் துணையாக வந்த பல்லவனையும் சேரனையும் விரட்டியதாகவும் பாண்டியர் செப்பேடு சொல்கிறது. வலிய அரசர் மூவருக்கு இடையில் அகப்பட்ட ஒரு சிறிய குலம், ஊரின் நடுவே நிற்கும் பாறையில் தன் பெயரைக் கோயிலின் பெயராகவே பொறித்துவிட்டதை இந்தப் பின்னணியில் பார்க்கும்போதுதான் அதன் வீரியம் புரியும். அதியர் ஆட்சி போய்விட்டது, அவர்களின் தலைநகரில் வேறு பலர் ஆண்டுவிட்டனர். நாமக்கல் பாறையில் அவர்கள் பெயர் இருக்கிறது. அதே பாறையில், மாதக்கணக்கில் உளி பிடித்தவர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

இரு குடைவரைகளும் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. பாறையின் உச்சியிலுள்ள கோட்டையும் அப்படியே. தென்மேற்குப் பக்கம் பாறையிலேயே வெட்டிய குறுகிய படிகளின் வழியாக ஏறும் அக்கோட்டையை எழுப்பியவர் சேந்தமங்கலத்துப் பாளையக்காரரான இராமச்சந்திர நாயக்கர் என்றும், மைசூர் அரசின் அலுவலரான லட்சுமி நரசய்யா என்றும் பழைய மாவட்ட விவரச்சுவடிகள் இரு கருத்துகளைப் பதிவு செய்கின்றன. 1768இல் ஆங்கிலேயர் கையில் விழுந்து, அவ்வாண்டிலேயே ஹைதர் அலியால் மீட்கப்பட்ட இக்கோட்டை, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் சேலம் நாட்டோடு சேர்ந்து கம்பெனியாரிடம் சென்றது. செதுக்கிய கல் மதிலுக்குள் ஒரு பெருமாள் கோயிலும் ஒரு தர்காவும் அருகருகே இருப்பது, ஆட்சிகள் மாறி மாறி வந்த இடம் இது என்பதற்குப் போதிய அடையாளம். அலங்காரத்தைப் பொறுத்தவரை கோட்டையில் சொல்வதற்கு அதிகம் இல்லை.

கோட்டையிலிருந்து இறங்கித் தெருவுக்குள் வருபவர், ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட ஒரு கலைஞரின் நினைவு இல்லத்தைக் காணலாம். காவிரிக் கரையில் மோகனூரில் 1888இல் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளை, நாமக்கல் கவிஞர் என்று நாடறிந்தவர், 1949இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானவர், 1972இல் மறைந்தவர். கவிஞராகப் புகழ்பெறுமுன் அவர் ஓவியராகவே வாழ்க்கை நடத்தினார், உருவப் படம் வரைந்து பொருள் ஈட்டினார் என்பது இக்கட்டுரைக்கு நெருக்கமான செய்தி. அவர் பெயரைத் தாங்கிச் சென்னைத் தலைமைச் செயலகத்தில் பத்து மாடிக் கட்டடம் நிற்கிறது. தூரிகை பிடித்த கைக்கு இவ்வட்டாரத்தில் கிடைத்த மிகப் பெரிய பெயர்ப் பலகை அதுவே. ஆனால் அது அவருடைய கவிதைக்குக் கிடைத்தது.

குணசீலனைப் போல் ஒருவனே முழுக் கோயிலையும் எடுத்த காலம் போய், பல குலத்தாரும் தொழிலாரும் சேர்ந்து ஒரு வழியையே கட்டியெழுப்பிய காலத்தின் தடயத்தைக் காண, நாமக்கல்லிலிருந்து மேற்கே திருச்செங்கோட்டுக்குச் செல்ல வேண்டும். அங்கே மலையுச்சியில் அர்த்தநாரீசுவரர் கோயிலுக்கு ஏறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளின் வழியில், இளைப்பாறுவதற்கென்று கட்டிய மண்டபங்கள் வரிசையாக நிற்கின்றன. செங்குந்தர் மண்டபம், தைலி மண்டபம், தேவரடியார் மண்டபம், செட்டிக்கவுண்டர் மண்டபம் என்னும் அவற்றின் பெயர்களே இச்சமவெளியில் நெசவும் உழவும் கோயிற்பணியும் செய்தவர்களின் வருகைப் பதிவேடாக அமைகின்றன. தறி ஓட்டி ஈட்டியதில் ஒரு பங்கைத் தூணாகவும் நிழலாகவும் மாற்றி, அதற்குத் தங்கள் குலப் பெயரை இட்ட நெசவாளர், அரசனுக்கு மட்டும் உரியதாக இருந்த ஓர் உரிமையைத் தாங்களும் எடுத்துக்கொண்டனர். வழியில் நாகர்பள்ளம் என்னும் இடத்தில் பாறைமேல் ஏறத்தாழ அறுபது அடி நீளத்துக்குப் படமெடுத்த பாம்பு ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. ஏறுபவர் ஒவ்வொருவரும் மஞ்சளும் குங்குமமும் தூவித் தூவி அதன் உடல் முழுவதும் நிறம் ஏறியிருப்பதால், கல்லில் தொடங்கிய இச்சிற்பத்தை மக்கள் ஓவியமாக்கி முடிக்கின்றனர் என்று சொல்லலாம். அதற்கு மேல் அறுபதாம் படி. அப்படியில் நின்று சொல்லும் சத்தியத்தை வழக்கு மன்றமும் ஏற்றது என்பது ஊர்வழக்கு. கடன், நிலம், திருட்டு பற்றிய பூசல்கள் பல அங்கே தீர்ந்திருக்கின்றன.

இன்று திருச்செங்கோட்டு மலையிலிருந்து கீழே பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது தெருக்களில் நிற்கும் ரிக் வண்டிகளும் லாரிகளும்தான். ஆழ்துளைக் கிணறு தோண்டும் எந்திரத்தைத் தாங்கிய வண்டியே ரிக் வண்டி. இவ்வூரிலிருந்து அவை இந்தியாவின் பல மாநிலங்களுக்குச் செல்கின்றன. காவிரிப் பாசனம் எட்டிய மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கத்தை விட்டால் இச்சமவெளியின் பெரும்பகுதி மழையையும் கிணற்றையும் நம்பிய மேட்டு நிலம். நிலம் தராததைச் சாலை தந்தது. முன்பு 7ஆம் எண்ணோடு வாரணாசியிலிருந்தும் இப்போது 44ஆம் எண்ணோடு ஸ்ரீநகரிலிருந்தும் கன்னியாகுமரி செல்லும் நெடுஞ்சாலை சேலம், நாமக்கல் வழியாகவே இறங்குகிறது. அந்தச் சாலையின் இருமருங்கிலும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வளர்ந்த தொழில் லாரிக்குப் பாடி கட்டுவது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய மூன்று ஊர்களையும் லாரித் தொழிலில் நாடறியச் செய்தவை போக்குவரத்தும் இந்தப் பட்டறைகளுமே. நாமக்கல்லில் இத்தொழிலோடு கோழிப் பண்ணையும் முட்டை வணிகமும் வளர்ந்தன. ஏற்றிச் செல்ல வண்டியும், வண்டிக்கு ஏற்றச் சரக்கும் ஒரே ஊரில் அமைந்தன.

முன்பெல்லாம் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது லாரிக்கு உடல் இருக்காது. எஞ்சினும் சக்கரமும் நீண்ட இரும்புச் சட்டமும் மட்டுமே கொண்ட அந்த எலும்புக்கூட்டைச் சேஸ் என்பார்கள். அதன்மேல் திறந்தவெளியில் ஓர் இருக்கையில் அமர்ந்து, தலைக்குத் துண்டும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணிந்து ஓட்டுநர் அதைப் பட்டறை வரை ஓட்டி வருவார். அங்கே மரவேலை ஆசாரி கேபினுக்கும் சரக்குத் தொட்டிக்கும் சட்டம் கட்ட, வெல்டர் இரும்பைப் பொருத்த, டிங்கர் தகட்டைத் தட்டிச் சீராக்க, கடைசியில் பெயிண்டர் வருவார். வண்டி தனக்கென ஒரு முகம் பெறுவது இவர் கையில்தான். ஓட்டுநர் அறைக்கு மேலே முன்தள்ளி நிற்கும் நெற்றிப் பலகையில் தெய்வத்தின் பெயர். ஆஞ்சநேயர், அர்த்தநாரீசுவரர், முனியப்பன் என்று அது இவ்வட்டாரத்துக் கோயில்களின் பட்டியலாகவே இருக்கும். அதற்கு இருபுறமும் அன்னம், மயில், தாமரை. பக்கப் பலகையில் அருவி விழும் மலை, கன்றோடு பசு. பின்கதவில் ஒலிப்பான் எழுப்பச் சொல்லும் வாசகமும், மரம் வளர்க்கச் சொல்லும் வாசகமும். பிள்ளைகளின் பெயர் ஓட்டுநர் கதவுக்கு அருகிலோ கண்ணாடிக்கு மேலோ இருக்கும். அடியில் கண்ணேறு கழிக்கக் கருப்புக் கயிறும் எலுமிச்சம்பழமும் தொங்கும்.

நிறங்களில் சில அழகுணர்ச்சியால் வந்தவை, சில சட்டத்தால் வந்தவை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, மாநிலம் கடந்து ஓடும் தேசிய உரிமம் பெற்ற சரக்கு வண்டியின் உடலைக் காய்ந்த இலையின் பழுப்பு நிறத்தில், தடித்த வெள்ளைக் கரையோடு தீட்ட வேண்டும் என்றும், தேசிய உரிமம் என்பதை எழுத்தில் பொறிக்க வேண்டும் என்றும் விதித்தன. ஆபத்தான சரக்கு ஏற்றும் டேங்கருக்கு வெள்ளை நிறம், நடுவே பழுப்புப் பட்டை, ஓட்டுநர் அறைக்குச் செம்மஞ்சள் என்பது அவற்றின் விதியாக இருந்தது. சமையல் எரிவாயு டேங்கர்கள் பெருமளவில் நாமக்கல்லைச் சார்ந்தே ஓடுவதால், நெடுஞ்சாலையில் அணிவகுக்கும் செம்மஞ்சள் முகங்கள் இவ்வூரின் அடையாளமாயின. விதி விட்ட இடத்தில் பெயிண்டர் பூ வரைந்தார் என்று இதனைச் சுருக்கமாகச் சொல்லலாம். பழுப்புப் பலகையின் வெள்ளைக் கரை, அவர் கையில் கொடியாகவும் மணிச்சரமாகவும் மாறியது. பாகிஸ்தானத்து லாரிகளின் கண்ணாடி வேலைப்பாடும் பஞ்சாபின் கண் கவரும் எழுத்துகளும் உலக அளவில் நூல்களும் கண்காட்சிகளும் பெற்றிருக்கின்றன. நாமக்கல் பட்டறைகளின் அடக்கமான, கோடு தவறாத கைவேலை அத்தகைய கவனத்துக்கு எல்லா வகையிலும் தகுதியுடையது.

குடைவரைக் கல்வெட்டோடு இந்த லாரி எழுத்தை வைத்துப் பார்ப்பது மிகையாகாது. இரண்டிலும் தெய்வத்தின் பெயரும் எடுத்தவரின் அடையாளமும் சேர்ந்தே நிற்கின்றன. குணசீலன் தன் குலப் பெயரைப் பாறையில் நிலைநிறுத்தினான். லாரி உரிமையாளரோ தன் ஊர்ப் பெயரை குவாஹாட்டிக்கும் ஜம்முவுக்கும் அனுப்புகிறார். வேறுபாடு ஒன்று உண்டு, அது சிறியதன்று. குடைவரையில் காணப்படாத பெயர் லாரியில் காணப்படுகிறது. பாடி கட்டிய பட்டறையின் பெயர் தொட்டியின் ஓரத்திலோ கதவின் கீழ்ப்புறத்திலோ எழுதப்படுகிறது. பெயிண்டரும் தன் பெயரோடு ஆர்ட்ஸ் என்ற சொல்லைச் சேர்த்து, கைப்பேசி எண்ணையும் இட்டு, ஒரு மூலையில் ஒப்பமிடுகிறார். செய்தவனின் பெயர் செய்த பொருளில் நிற்க வேண்டும் என்ற உரிமை, இச்சமவெளியில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு லாரியின் மூலையில் நிலைபெற்றது.

அந்த மூலைதான் இப்போது சுருங்கி வருகிறது. வாகன உற்பத்தி நிறுவனங்களே கேபினோடு வண்டியை வெளியிடும் வழக்கம் பரவியதால் நெற்றியும் கதவும் பட்டறையின் கையை விட்டுப் போயின. கணினியில் வெட்டி ஒட்டும் ஸ்டிக்கர், நாள் கணக்கில் தீட்டிய எழுத்தைச் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. பழைய வண்டிகள் உடைக்கப்படும்போது அவற்றின் பலகைகளும் இரும்புக் கடைக்கே போகின்றன. குடைவரைகளைக் காக்கும் தொல்லியல் துறைக்கு லாரிப் பலகையைக் காக்கும் பொறுப்பு இல்லை. அவ்வாறு சேர்த்துவைக்கும் பணியை நாமக்கல்லிலுள்ள லாரி உரிமையாளர் அமைப்புகளோ கல்லூரிகளோ மேற்கொள்ளலாம், பலகையும் படமும் பெயிண்டர்களின் பெயர்ப்பட்டியலும் இன்னும் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. நிறுவனக் கேபினோடு வரும் புதிய வண்டியிலும் தெய்வத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதாமல் முதல் பயணம் புறப்படுவதை உரிமையாளர்கள் விரும்புவதில்லை. அதற்காகச் சாலையோரப் பட்டறைகளில் தூரிகையும் எனாமல் டப்பாவும் இன்னும் தேவைப்படுகின்றன.